முதல் தேதி எடுத்து வைத்த பணம் இருபதாம் தேதி ஏன் கரைகிறது?

கேள்வி: காரைக்குடி செக்காலையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு வயது 33. தனியார் நிறுவனத்தில் வேலை, பி.எஃப். பிடித்தம் போக 38,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி வீட்டிலேயே பலகாரம் போட்டுக் கொடுக்கிறார். சென்ற ஆண்டு அதில் மொத்தம் 2,40,000 ரூபாய் வந்தது. மகளுக்கு 4 வயது. மாதச் செலவு: வாடகை 8,000, மளிகை, பால், காய், கறி 12,000, பெட்ரோல், கரண்ட், போன் 4,500, அப்பாவுக்கு மருந்து 2,000, ஏலச் சீட்டு 5,000 (ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 மாதம், 11 மாதம் கட்டியாகிவிட்டது, இன்னும் எடுக்கவில்லை), அடகு நகைக்கு வட்டி 1,800 (1,20,000 ரூபாய், ஒன்றரை வட்டி). வருஷச் செலவு: பள்ளிக் கட்டணம் 28,000, தீபாவளி 15,000, பொங்கல் 6,000, மொய், சீர் 24,000, வண்டிக்கு 5,000, கோயில் பயணம் 6,000. சம்பளம் வந்ததும் முதலீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில்தான் குடும்பம் நடத்த வேண்டும் என்றார்கள். ஜனவரி முதல் மாதம் 10,000 எடுத்து வைக்கிறேன். இருபதாம் தேதிக்குள் அதிலேயே கை வைத்துவிடுகிறேன். எனக்குக் கட்டுப்பாடு போதவில்லையா? எவ்வளவு, எங்கே, எந்த வரிசையில் போடுவது? சொந்தக்காரர் ஒருவர் தவணை மனையில் சேரச் சொல்கிறார். சேரலாமா?

பதில்: வரவு செலவை ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. இப்படி எழுதினால்தான் பொதுப்படையாகப் பேசாமல் உங்கள் வீட்டுக் கணக்கையே பார்க்க முடியும்.

நீங்கள் தந்த மாதச் செலவுகளைக் கூட்டினால் 33,300 ரூபாய். சம்பளம் 38,000. அதில் 10,000 எடுத்து வைத்தால் மிஞ்சுவது 28,000. ஆக, ஒவ்வொரு மாதமும் 5,300 ரூபாய் பற்றாமல் போவது முதல் தேதியே முடிவாகிவிட்ட விஷயம். வாடகையும் சீட்டும் மாதத் தொடக்கத்தில் போய்விடுவதால் பற்றாக்குறை இருபதாம் தேதி வாக்கில் கண்ணில் படுகிறது. எவ்வளவு கட்டுப்பாடான ஆளாக இருந்தாலும் அந்த 10,000-ல் கை வைத்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வருஷச் செலவு என்று எழுதியிருப்பவற்றைக் கூட்டினால் 84,000. மாதத்துக்குப் பிரித்தால் 7,000. உங்கள் வீட்டின் உண்மையான மாதச் செலவு 33,300 அல்ல, 40,300. சம்பளத்தைவிட 2,300 அதிகம். இந்தப் பள்ளத்தைச் சத்தமில்லாமல் நிரப்பி வருவது உங்கள் மனைவியின் பலகாரம். உங்கள் குடும்பம் இரண்டு வருமானத்தில் ஓடுகிறது. நீங்களோ ஒரு வருமானத்தை வைத்துத் திட்டம் போட்டிருக்கிறீர்கள்.

செட்டிநாட்டுப் பக்கம் பணம் சேராமல் போவதற்கு மாதச் செலவைவிட வருஷச் செலவே பெரிய காரணம். மளிகையில் 500 ரூபாய் மிச்சம் பிடிக்கும் வீட்டில் வைகாசியில் மூன்று கல்யாணம், ஒரு காது குத்து, ஒரு புதுமனைப் புகுவிழா வந்தால் 10,000 ரூபாய் ஒரே மாதத்தில் போய்விடும். அது எதிர்பாராத செலவா? இல்லை. மொய் நோட்டைப் புரட்டினாலே யார் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும், யார் வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நகரத்தார் வீடுகளில் மணமான பிள்ளைகளை ‘வேறு வைக்கும்போது’ ஒரு வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கிக் கொடுத்துத் தனியே சமைத்துக் குடும்பம் நடத்த விடுவார்கள். வருஷத்தை ஒரே அளவாகப் பார்க்கும் அந்தப் பழக்கம் மாதச் சம்பளக்காரருக்கு இன்னும் அதிகமாகத் தேவை. வருஷச் செலவுக்குத் தனியே ஒதுக்காமல் தொடங்கும் எந்தச் சேமிப்பும் அடுத்த விசேஷத்தில் உடையும்.

இனி பலகாரக் கணக்கு. 2,40,000 என்பது வரவு, லாபம் அல்ல. அரிசி, உளுந்து, வெல்லம், எண்ணெய், நெய், சிலிண்டர், பிழிய உதவிக்கு வருபவர் கூலி எல்லாம் அதிலிருந்துதான் போயிருக்கின்றன. சரிபாதி போயிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். லாபம் வருஷத்துக்கு 1,20,000, மாதத்துக்கு 10,000. இதை நீங்கள் சரிபார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு ஆர்டருக்கும் வாங்கிய பொருளின் விலையை எதிரே எழுதச் சொல்லுங்கள். வீட்டு மளிகையும் தொழில் மளிகையும் ஒரே பில்லில் வருவதுதான் வழக்கமான குழப்பம். எண்ணெயையும் நெய்யையும் தனி பில்லாக வாங்கினாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கை இந்தத் தொழிலுக்கு மட்டும் என்று வையுங்கள். ஆர்டர் பணம் முழுதும் அங்கே வர வேண்டும், சரக்கு வாங்குவதும் அங்கிருந்துதான். மாதம் முதல் தேதி அதிலிருந்து 7,000 ரூபாய் மட்டும் வெளியே வர வேண்டும். தை, தீபாவளி மாதங்களில் 25,000 கிடைத்தாலும் 7,000-தான், ஆடியிலும் மார்கழியிலும் ஆர்டர் குறைந்தாலும் 7,000-தான். அந்த 7,000 அப்படியே வருஷச் செலவுக் கணக்குக்குப் போகட்டும். மீதி அங்கேயே தங்கி, வறண்ட மாதங்களைத் தாங்கும். இதைத் தொடங்கத் தொழில் கணக்கில் குறைந்தது 14,000 இருப்பு வேண்டும். இப்போது அவ்வளவு இல்லை என்றால் அடுத்த கல்யாண சீசன் ஆர்டரில் முதலில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிச் செய்தால் சம்பளத்தில் 33,300 போக 4,700 நிற்கும். அதில் 4,000 ரூபாய்தான் இப்போது நீங்கள் முதல் தேதியே எடுத்து வைக்கக்கூடிய தொகை. 10,000-லிருந்து 4,000-க்கு இறங்குவது பின்வாங்குவதாகத் தோன்றலாம். எடுத்து வைத்து, திரும்ப எடுத்த 10,000 இதுவரை ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை. திரும்ப எடுக்காத 4,000 வருஷத்தில் 48,000. மிச்சம் 700 ரூபாயில் கால வரையறைக் காப்பீடு, அதாவது டேர்ம் பாலிசி ஒன்றை உடனே எடுங்கள். புகை பிடிக்காதவராக இருந்தால் உங்கள் வயதில் 50 லட்சம் ரூபாய்க்கான மாத பிரீமியம் பெரும்பாலும் அதற்கு அக்கம்பக்கமாகத்தான் வரும். பி.எஃப். சந்தாதாரருக்கு வேலையில் இருக்கும்போது மரணம் நேர்ந்தால் பி.எஃப்.புடன் இணைந்த காப்பீடான ஈ.டி.எல்.ஐ. மூலம் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் கிடைக்கும். 4 வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது போதாது. காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது என்று வரும் பாலிசிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் காப்பீட்டுத் தொகையும் சிறிது, வளர்ச்சியும் சிறிது.

எங்கே எடுத்து வைக்கிறீர்கள் என்பதும் தொகை அளவுக்கு முக்கியம். உங்கள் 10,000 சம்பளக் கணக்கு உள்ள வங்கியிலேயே இன்னொரு கணக்கில் இருந்திருக்கும். போனில் இரண்டு தட்டினால் திரும்பி வந்துவிடும். வேறு வங்கியில் கணக்கு தொடங்குங்கள். ஏ.டி.எம். கார்டு வாங்க வேண்டாம். ஜி-பே, போன்-பே எதிலும் அந்தக் கணக்கை இணைக்க வேண்டாம். சம்பளக் கணக்கிலிருந்து மாதந்தோறும் 3-ஆம் தேதி 4,000 தானாகப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு எழுதிக் கொடுங்கள். முதல் தேதி என்று போடாதீர்கள். முதல் தேதி ஞாயிறாக வந்து சம்பளம் ஒரு நாள் தள்ளினால் பரிமாற்றம் தவறிவிடும். பின்னால் மியூச்சுவல் ஃபண்டுக்குத் தானியங்கிப் பற்று அனுமதி கொடுக்கும்போது 7-ஆம் தேதி என்று குறிப்பிடுங்கள். பணம் இல்லாமல் அது திரும்பினால் வங்கி அபராதம் பிடிக்கும், தொடர்ந்து தவறினால் எஸ்.ஐ.பி. என்னும் அந்த மாதாந்தர முதலீடே ரத்தாகும்.

கணக்குகளுக்குப் பெயர் வையுங்கள். பல வங்கிச் செயலிகளில் இந்த வசதி இருக்கிறது; இல்லாவிட்டால் பாஸ்புக் அட்டையில் எழுதுங்கள். செட்டிநாட்டு வணிகர்கள் மகமைக்குத் தனிக் கணக்கு வைத்ததில் ஒரு நுட்பம் உண்டு. கோயிலுக்கும் அறத்துக்கும் உரிய பங்கைத் தனிப் பேரில் எழுதிவிட்டால் அதற்குப் பிறகு அது கடைப் பணம் அல்ல. கடையில் எவ்வளவு முடை வந்தாலும் அதைத் தொட மனம் வராது. ‘சேமிப்பு’ என்ற பொதுப் பெயரில் இருக்கும் பணத்தை டயர் மாற்ற எடுத்துவிடலாம். ‘மகள் படிப்பு’ என்று எழுதிய பணத்தை எடுக்கும்முன் இருவரும் ஒரு முறை பேசிக்கொள்வீர்கள்.

அடுத்து, எந்த வரிசை. ஒன்றரை வட்டி என்றால் ஆண்டுக்கு 18 சதவீதம். 18 சதவீத வட்டியைக் கட்டிக்கொண்டே வேறெங்கோ 7, 10 சதவீதத்துக்கு முதலீடு செய்வதில் பயன் இல்லை. நகையை மீட்பதுதான் இப்போது உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல முதலீடு. அதற்கான சாவி உங்கள் சீட்டு.

முதலில் அந்தச் சீட்டு 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று பாருங்கள். பதிவானது என்றால் பதிவு விவரம் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். நடத்துபவரின் கமிஷன் முன்பு 5 சதவீதம் வரை என்றிருந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதம் வரை போகலாம். உங்கள் சீட்டில் 5 சதவீதம் என்று கொள்வோம். கடைசி மாதம் எடுப்பவருக்கே 95,000தான் கையில் கிடைக்கும். அதைவிடக் குறைத்துக் கேட்டு 12-ஆம் மாதமே எடுத்தால், குறைத்த தொகை உங்கள் செலவு. எடுத்த பணத்தால் மீதி 8 மாதத்துக்கு மிச்சமாகும் நகை வட்டி உங்கள் வரவு. 88,000-க்கு எடுத்தால் செலவு 7,000. வட்டி மிச்சம் மாதம் 1,320 வீதம் 10,560. லாபம்தான். 85,000-க்கு எடுத்தால் செலவு 10,000; வட்டி மிச்சம் 10,200. ஏறக்குறைய சமம். ஆகவே 85,000-க்குக் கீழே இறங்காதீர்கள். அந்த விலைக்குக் கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் மீதி மாதங்களை வைத்து இதே கணக்கை மறுபடி போடுங்கள். ஒரு மாதம் குறைவதால் இறங்கக்கூடிய எல்லையும் சற்று மேலே ஏறும். ஏலத்துக்குப் போகும் முன்பே ஜாமீன் கையெழுத்துக்கு ஆளைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஜாமீன் சரியாக இல்லாமல் எடுத்த பணம் வாரக்கணக்கில் நிற்பதும், வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருப்பதும் அடிக்கடி நடக்கிறது.

85,000 கிடைத்தால் அடகுக் கடன் 35,000-ஆகக் குறையும். வட்டி 1,800-லிருந்து 525-ஆகிவிடும். நகை இரண்டு மூன்று தனித்தனி அடகு ரசீதுகளில் இருந்தால் இன்னும் நல்லது. முதலில் மீட்ட நகையில் ஒரு பகுதியை வங்கியில் வைத்து 35,000 வாங்கி, மிச்ச நகையையும் வட்டிக்கடையிலிருந்து எடுத்துவிடுங்கள். வங்கி நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 9, 10 சதவீத அளவில்தான் இருக்கும், அதாவது முக்கால் வட்டிக்குச் சற்று மேலே. கல் எடையைக் கழித்துத்தான் மதிப்பார்கள்; அதனால் கல் இல்லாத வளையல், சங்கிலியைக் கொண்டு போங்கள்.

மாதம் எடுத்து வைக்கும் 4,000-ஐ முதல் ஆறு மாதம் வேறு வங்கிக் கணக்கிலேயே விட்டு 24,000 சேருங்கள். கடன் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றும். அப்பாவை ஒரு நாள் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், மீட்ட நகை மறுநாளே வட்டிக்கடைக்குத் திரும்பிப் போகாமல் இருக்கத்தான். அதுவரை வட்டியில் மிச்சமாகும் 1,275 ரூபாயை மட்டும் மாதாமாதம் அசலில் கட்டுங்கள். ஏழாம் மாதத்திலிருந்து 4,000-ம் அதனுடன் சேரட்டும். ஒன்பது மாதத்தில் சீட்டு முடிந்ததும் அந்த 5,000-ம் சேரட்டும். ஏறக்குறைய ஓராண்டுக்குள் நகை முழுதும் வீட்டுக்கு வந்துவிடும்.

சீட்டோ கடனோ முடியும் மாதம்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய மாதம். கட்டிப் பழகிய 5,000 திடீரென்று கையில் நிற்கும். இரண்டே மாதத்தில் அதற்கேற்ற செலவு முளைத்துவிடும். கடைசித் தவணை கட்டும் நாளிலேயே அடுத்த மாதத்துக்கான தானியங்கி உத்தரவை எழுதிக் கொடுத்துவிடுங்கள். குடும்பத்துக்கு அது இல்லாமல் வாழ்ந்து பழக்கம் இருப்பதால் சுமையே தெரியாது. அப்போது உங்களிடம் 4,000 + 5,000 + 1,800 சேர்ந்து மாதம் 10,800 இருக்கும். இன்று பிடித்து நிறுத்த முடியாத 10,000, ஓராண்டு கழித்து யாரையும் வருத்தாமல் வந்து நிற்கும்.

அந்த 10,800-ஐ இப்படிப் பிரிக்கலாம். 1,000 ரூபாய் மகள் பெயரில் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புத் திட்டத்துக்கு. 10 வயதுக்குள் தொடங்க வேண்டும், 15 ஆண்டு கட்ட வேண்டும், கணக்குத் தொடங்கி 21 ஆண்டில் முதிரும்; மேற்படிப்புக்கு 18 வயதில் இருப்பில் பாதி வரை எடுக்கலாம். 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதமானது, அரசு காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அறிவிக்கும். இதே அளவில் நீடித்தால் முதிர்வில் ஏறத்தாழ ஐந்தரை லட்சம். மாதம் 5-ஆம் தேதிக்குள் கட்டுங்கள். 5-ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையே உள்ள மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 6-ஆம் தேதி கட்டினால் அந்த மாதம் அந்தப் பணத்துக்கு வட்டி இல்லை. 3,300 ரூபாய் அவசர நிதிக்கு, அது 80,000 ஆகும் வரை. சீட்டும் கடனும் இல்லாத உங்கள் மாதச் செலவு 26,500. அதில் மூன்று மாதம். 1,500 குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு. மீதி 5,000 நிஃப்டி 50 குறியீட்டு ஃபண்டில், அதாவது நாட்டின் 50 பெரிய நிறுவனப் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் மியூச்சுவல் ஃபண்டில், எஸ்.ஐ.பி.

ஃபண்டில் ‘டைரக்ட்’ திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். விற்பவருக்கான கமிஷன் அதில் இல்லை. மாதம் 5,000 வீதம் 20 ஆண்டு, ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் 38 லட்சம். கட்டணத்தில் ஒரு சதவீதம் போய் 9 சதவீதமானால் 33.4 லட்சம். அந்த ஒரு சதவீதத்தின் விலை நாலரை லட்சத்துக்கு மேல். 10 சதவீதம் என்பது என் அனுமானம், யாரும் தரும் உத்தரவாதம் அல்ல. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 20 ஆண்டு கழித்து வரும் 38 லட்சம் இன்றைய 14 லட்சத்துக்குத்தான் சமம். அதனால் 5,000-லேயே நிற்கக் கூடாது. சம்பளம் உயரும் ஒவ்வொரு முறையும், உயர்ந்த சம்பளம் முதல் முறை கைக்கு வருவதற்கு முன்பே, உயர்வில் பாதியை எஸ்.ஐ.பி.யில் கூட்டிவிடுங்கள். ஆண்டுதோறும் 10 சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் அதே 20 ஆண்டில் சுமார் 80 லட்சம் வரும்.

சந்தை விழும் ஆண்டும் வரும். மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டி, 2009 மார்ச்சில் 8,000 சொச்சத்துக்கு இறங்கியது. 2020-ல் ஜனவரியில் 42,000-ஐ ஒட்டி இருந்தது மார்ச்சில் 26,000-க்கு வந்தது. இரண்டு முறையும் பின்னால் மீண்டது. விழும் மாதங்களில் அதே 5,000-க்கு அதிக யூனிட் கிடைக்கும். நிறுத்துபவர்கள் இழப்பது அந்த யூனிட்டுகளைத்தான். வருஷச் செலவுக்கும் அவசரத்துக்கும் தனிப் பணம் இருந்தால் நிறுத்த வேண்டிய நெருக்கடி வராது. ஏழு ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தை ஃபண்டில் போடாதீர்கள்.

தவணை மனை இப்போது வேண்டாம். 18 சதவீதக் கடன் இருக்கும்போது இன்னொரு மாதத் தவணை ஏறினால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. அவசரத்துக்கு மனையை ஒரு வாரத்தில் விற்கவும் முடியாது. நிலம் மண்ணாகவே இருக்கும், எங்கும் போகாது என்று சொல்வார்கள். பர்மாவில் கடனுக்கு ஈடாக வந்த நெல் வயல்கள் செட்டியார்களிடம் குவிந்து, 1938 வாக்கில் 13 முக்கிய நெல் மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் கால் பங்கு அவர்கள் கையில் இருந்தது. 1942-ல் போர் வந்தது, பிறகு 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது. நிலம் அங்கேயே இருக்க, அதை விட்டு ஊர் திரும்பினார்கள். அவ்வளவு தேர்ந்த கணக்கர்களையே ஒரே வகைச் சொத்து சாய்த்துவிட்டது. சில ஆண்டு கழித்து மனை வாங்கும் நிலை வந்தால், டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா ஆகியவற்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இந்தப் பதிலை இருவரும் சேர்ந்து படியுங்கள். 7,000-ஐ ஒதுக்கப்போவது உங்கள் மனைவி, அவர் சம்மதம் இல்லாமல் இது ஓடாது. எல்லாக் கணக்கிலும் வாரிசு நியமனம் இருக்கிறதா என்று பாருங்கள், பி.எஃப். உட்பட. மூன்று மாதம் கழித்து இரண்டு எண்களை எழுதி அனுப்புங்கள்: பலகாரத்தில் உண்மையில் நின்ற லாபம், சீட்டை எடுத்த தொகை. லாபம் 10,000-க்குக் குறைவாக இருந்தால் வருஷச் செலவில் எதைக் குறைப்பது என்று பார்ப்போம். கூடுதலாக இருந்தால் 4,000-ஐ அப்போதே உயர்த்தலாம்.